16 வேகத் தட்டுகள்: செலக்டரில் அந்த நாலாவது எண் எதற்கு? இன்று எப்படி ஓட்டுவது?

#1 புதுமுள்

பழைய நாலு வேகப் பிளேயர் எதை எடுத்தாலும் லீவரில் 16, 33, 45, 78 (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று இருக்கிறது. 78 தெரியும், 45 தெரியும், 33-இல் ஓடும் எல்.பி. தெரியும். 16-க்கான ரிக்கார்டு மட்டும் நம் ஊர்ப் பழைய கடைகளில் கண்ணில் படுவதே இல்லை. இப்போது கைக்கு வந்திருப்பவை இரண்டு. ஒன்று 9 அங்குலத் தட்டு, நடுத்துளை 45 தட்டின் துளையைவிடப் பெரிது, லேபிளில் 16⅔. இன்னொன்று 10 அங்குலம், வெறும் பேச்சு, அதுவும் 16⅔.

டர்ன்டேபிள் பெல்ட் வகை, 33-உம் 45-உம் மட்டும். முள் 0.3 × 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எலிப்டிக்கல், அதாவது நீள்வட்ட முனை. கணினியில் ஏற்ற வேண்டும். இதை வைத்துச் சமாளிக்கலாமா?

#2 சுழல்மேடை

முதலில் அந்த 9 அங்குலத்தை அடையாளம் சொல்லிவிடலாம். துளை 2 அங்குலம் இருந்தால் அது சீபர்க் 1000. சிகாகோவில் ஜூக்பாக்ஸ் செய்த அதே சீபர்க்தான் 1959-இல் கடை, உணவகம், தொழிற்சாலைகளுக்கென்று இந்தப் பின்னணி இசைப் பெட்டியைக் கொண்டுவந்தது. பக்கத்துக்குச் சுமார் 40 நிமிடம், ஏறக்குறைய 20 உருப்படி. பெட்டிக்குள் 25 தட்டு அடுக்கு. இரண்டு பக்கமும் அதுவே வாசித்து, கடைசித் தட்டு முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். 25 × 2 × 20 = 1000 பாட்டு. பெயர் வந்தது அங்கிருந்துதான்.

கடைக்காரர் தட்டை வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுக் கட்டு வரும், பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பிப் போனவை அழிக்கப்பட்டன. கடைகளில் கண்ணில் படாததற்கு இதுவே பாதிக் காரணம். லேபிளில் பேசிக், மூட், இண்டஸ்ட்ரியல் என்று எந்தத் தொகுப்பு என்பது இருக்கும். எல்லாமே மோனோ.

10 அங்குலப் பேச்சுத் தட்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'பேசும் புத்தக' வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்வையற்றோருக்காக அவர்கள் 1934-லேயே 33⅓ வேகத்தில் 12 அங்குலத் தட்டு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொலம்பியா எல்.பி.யை 1948-இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பார்வையற்ற வாசகர்கள் 14 வருடமாக அதே வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் 10 அங்குலம், 16⅔ ஆனது. பக்கத்துக்கு 45 நிமிடம். 10 மணி நேர நாவலுக்கு முன்பு பக்கத்துக்கு 15 நிமிடம் வீதம் 20 தட்டு, இப்போது 7. தபாலில் போய்வருகிற பெட்டிக்கு இது பெரிய வித்தியாசம். பிறகு 8⅓-க்கும் இறங்கினார்கள்.

ஆக 16 என்பது தோற்றுப்போன பாட்டு வேகம் இல்லை. பேச்சுக்கும், யாரும் காதுகொடுத்துக் கேட்காத இசைக்கும் என்றே பிறந்த வேகம். பாட்டுக்குப் பயன்படுத்தியவர்கள் விதிவிலக்கு. பிரெஸ்டீஜ் என்ற அமெரிக்க ஜாஸ் நிறுவனம் 1957-இல் சில ஜாஸ் ஆல்பங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 16-இல் விட்டுப் பார்த்தது, தொடரவில்லை.

#3 தட்டுக்கணக்கு

ஏன் தொடரவில்லை என்பதற்குக் கணக்கே போதும். முள்ளுக்கடியில் காடி (தட்டில் முள் ஓடும் பள்ளம்) என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள்.

12 அங்குல எல்.பி., 33⅓: வெளி ஓரத்தில் நொடிக்கு 51 செ.மீ., உள் ஓரத்தில் 21 செ.மீ.
அதே தட்டு 16⅔: 25.5, 10.5.

உள் ஓரத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 33-இல் 21 மைக்ரான், 16-இல் பத்தரை. அன்றைய மோனோ எல்.பி. முள்ளின் முனை ஆரம் 1 மில், அதாவது 25 மைக்ரான். பத்தரை மைக்ரான் அலைக்குள் 25 மைக்ரான் உருண்டை எப்படி இறங்கும்? இறங்காது. மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவிப் போய்விடும். மேல்சுரம் மழுங்கும், மிச்சம் இருப்பதும் கரகரக்கும். சீபர்க்காரர்கள் இரண்டு வேலை செய்தார்கள். முள்ளை 0.5 மில் ஆக்கினார்கள். காடியை 70 மி.மீ. ஆரத்துக்கு உள்ளே பெரிதாகக் கொண்டுபோகவில்லை. அங்குலத்துக்கு 420 காடி வைத்து 40 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் (40 × 16⅔ = 667 சுற்று) 1.6 அங்குல அகலம் போதும். அதனால்தான் உங்கள் தட்டில் லேபிளைச் சுற்றி அவ்வளவு வெற்றிடம்.

சுழல்மேடை எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமும் செயின்ட் டன்ஸ்டன்ஸும் 1935-இல் தொடங்கிய பேசும் புத்தகம் 16-உம் இல்லை, 33-உம் இல்லை. 24. பன்னிரண்டு அங்குல அரக்குத் தட்டு, பக்கத்துக்கு 25 நிமிடம். லண்டனிலிருந்து வரும் பழைய பேச்சுத் தட்டு எந்த வேகத்திலும் ஒட்டாமல் சற்றே வேகமாகவோ இழுவையாகவோ கேட்டால் 24-ஐச் சந்தேகியுங்கள். அரக்குத் தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, வேறொன்றும் வேண்டாம்.

#4 ஒற்றைச்செவி

காரில் ரிக்கார்டு ஓட்டினார்களே, அதுவும் 16 தானே?

#5 சுழல்மேடை

ஆமாம். 1956 மாடல் கிரைஸ்லர், டிசோட்டோ, டாட்ஜ், பிளைமவுத் கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில். பெயர் ஹைவே ஹை-ஃபை. செய்தவர் சி.பி.எஸ். ஆய்வகத்தின் பீட்டர் கோல்ட்மார்க், எல்.பி.யை உருவாக்கிய குழுவின் தலைவர். 7 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 45 நிமிடத்துக்கு மேல். அங்குலத்துக்கு 550 காடி, முள் 0.25 மில்.

முள் குதித்ததால்தான் தோற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. கார் குலுங்கினாலும் முள் ஓரளவு நிற்கும்படி முள்ளைத் தாங்கும் கையைச் சமன்செய்து, மொத்தத்தையும் அதிர்ச்சி தாங்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். இடித்தது வேறு. வீட்டிலிருக்கும் எந்த ரிக்கார்டும் அதில் ஓடாது, அதன் ரிக்கார்டு வீட்டு முள்ளுக்கு ஒத்துவராது, தட்டுகள் வந்ததோ கொலம்பியா ஒரே இடத்திலிருந்து. வாங்குகிறவர் எதற்கு வாங்குவார்? 1960-இல் கிரைஸ்லர் மறுபடி முயன்றபோது ஆர்.சி.ஏ. செய்த கருவி சாதாரண 45 தட்டை, 14 தட்டுவரை ஏற்றியது. பாடம் படித்துவிட்டார்கள் என்று தெரிகிறது, ஆனால் அதுவும் நிலைக்கவில்லை.

#6 ரேடியோப்பட்டறை

புதுமுள்ளுக்கு: உங்கள் 0.3 × 0.7 முள் போதும் என்று நினைக்கிறேன். 0.3 என்பது சீபர்க்கின் 0.5-ஐவிடச் சின்னதுதானே, காடிக்குள் நன்றாக இறங்கும். ஹைவே தட்டு கிடைத்தால் அதற்கும் 0.25-க்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

#7 தட்டுக்கணக்கு

இல்லை, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எலிப்டிக்கலில் இரண்டு ஆரம். 0.3 என்பது காடியின் போக்கில் இருக்கும் விளிம்பு, அலையைப் படிக்க உதவுவது. காடியின் குறுக்கே, இரண்டு சுவரையும் தொட்டு உட்காருவது 0.7 பக்கம். எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை முடிவுசெய்வது அந்த 0.7 தான்.

காடி 90 பாகை 'வி' வடிவம். அதில் ஆரம் 'ஆ' உள்ள முனை உட்காரும் இடத்தில் காடியின் அகலம் 1.41 × ஆ.

1 மில் (25 மைக்ரான்): 36 மைக்ரான் அகலத்தில் உட்காரும்
0.7 மில் (18): 25
0.5 மில் (12.7): 18
0.25 மில் (6.35): 9

இப்போது தட்டு. சீபர்க்கில் ஒரு காடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 25.4 ÷ 420 = 60 மைக்ரான். 25 மைக்ரானில் உட்காரும் முள் அதில் உட்காரும், கொஞ்சம் மேலாக. அதனால் சீபர்க்குக்கு உங்கள் முள் சரிதான், காரணம்தான் வேறு. ஹைவேயில் இடைவெளி 46 மைக்ரான், காடிகளுக்கு நடுவே மேடும் வேண்டும் என்பதால் காடி அதைவிடக் குறுகல். 0.7 அதன் உதட்டில்தான் ஏறி நிற்கும். சத்தமாக வரும் இடத்தில் வழுக்கி அடுத்த காடிக்குப் போகும். 1 மில் மோனோ முள்ளை அதில் வைத்தால் ஓரத்தையே சிதைத்துவிடும். அந்தத் தட்டுக்குத் தனியாக முனை தீட்டி வாங்குவதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று. அந்தக் கால நாலு வேகப் பிளேயரில் 16 இருக்கிறதே என்று இந்தத் தட்டை அதில் போடாதீர்கள். செராமிக் கார்ட்ரிட்ஜ், 6 முதல் 8 கிராம் அழுத்தம், ஒரு பக்கம் 78-க்கு, மறுபக்கம் எல்.பி.க்கு என்று திருப்பிப் போடும் முள். எல்.பி. பக்கம் பெரும்பாலும் 1 மில். வேகம் சரியாக இருக்கும், காடி தேயும். தப்பான வேகத்தில் சரியான முள் கணினியில் திருத்தக்கூடியது. சரியான வேகத்தில் தப்பான முள்ளுக்குத் திருத்தமே கிடையாது.

#8 ரேடியோப்பட்டறை

ஒப்புக்கொள்கிறேன், குறுக்குவாட்டு ஆரத்தை யோசிக்கவில்லை.

அந்தப் பிளேயர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் மோட்டார் பக்கம் ஒன்று. ரப்பர் ஐட்லர் (மோட்டாருக்கும் தட்டு வைக்கும் பிளாட்டருக்கும் நடுவே உருளும் சக்கரம்) வகையில் மோட்டார் தண்டில் படிப்படியாக நாலு தடிமன் இருக்கும். மிகச் சிறியது 16-க்கு. பிளாட்டரின் உள்விளிம்பு 200 மி.மீ., மோட்டார் நிமிடத்துக்கு 1400 சுற்று என்று வைத்தால் 16-க்கான படி 2.38 மி.மீ. அதன்மேல் கிரீஸ் காய்ந்து விட்டத்தில் 0.1 மி.மீ. கூடினாலே வேகம் 4 சதவீதம் ஏறும். அதே அழுக்கு 78-க்கான படியில் ஒரு சதவீதம்கூட ஆகாது. "மற்ற வேகம் எல்லாம் சரி, 16 மட்டும் வேகமாக ஓடுகிறது" என்றால் முதலில் அந்தப் படியைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். அப்புறம் ஆட்டம். பாதி வேகத்தில் பிளாட்டரின் சுழல் ஆற்றல் கால்பங்குதான், அதனால் ஐட்லரில் இருக்கும் ஒவ்வொரு தட்டையான இடமும் காதில் விழும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார். இங்கே 50. வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து 16⅔ என்பது 13.9 ஆகும். தண்டுக்கு 20 சதவீதம் தடித்த உறை கடைசலில் செய்து மாட்ட வேண்டும், அல்லது 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டர்.

#9 புதுமுள்

அப்படியானால் என் டர்ன்டேபிளிலேயே 33-இல் ஓட்டி, கணினியில் பாதியாக்குவது. செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். 2 அங்குலத் துளைக்கு என்ன செய்வது?

#10 அலைவரிசை

துளையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 45-க்கான அடாப்டர் 38 மி.மீ., இதில் தொளதொளவென்று கிடக்கும். அக்ரிலிக்கிலோ 3டி பிரிண்டிலோ வெளி விட்டம் 50.7 மி.மீ., உள்துளை 7.3 மி.மீ. வில்லை ஒன்று செய்யுங்கள். உயரம் தட்டின் தடிமனைத் தாண்டாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் லேபிள் ஓரத்தில் கை தட்டும். மையம் முக்கியம். 70 மி.மீ. ஆரத்தில் 0.5 மி.மீ. விலகினால் சுருதி முன்னும் பின்னும் 0.7 சதவீதம் ஆடும். நீண்ட வயலின் சுரத்தில் அது அழுகை மாதிரி கேட்கும். தட்டு சுற்றும்போது கார்ட்ரிட்ஜின் முகப்பைப் பக்கத்திலிருந்து பாருங்கள். இடம் வலம் ஆடினால் முள்ளைத் தூக்கி, தட்டின் விளிம்பை விரலால் மெல்லத் தட்டி நகர்த்திச் சரிசெய்யலாம். ஆட்டோமேடிக் டர்ன்டேபிள் 7, 10, 12 அங்குலம் தவிர வேறு எதற்கும் கையை இறக்கத் தெரியாதது. 9-க்குக் கையாலேயே வையுங்கள்.

இனி பதிவு.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 96 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவு வையுங்கள், ஏனென்று பிறகு புரியும். ஸ்டீரியோவாகவே பதியுங்கள்.

இப்போது பலர் தவறவிடும் இடம். டர்ன்டேபிளின் ஒலியைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்பில் ஆர்ஐஏஏ வளைவு இருக்கிறது, தட்டில் கீழ்சுரத்தைக் குறைத்து மேல்சுரத்தைக் கூட்டி வெட்டியதை வாசிக்கும்போது நேராக்குவது: 50, 500, 2122 ஹெர்ட்ஸ் முறிவுகள். இரட்டை வேகத்தில் ஓட்டி அந்த வளைவு வழியாக வந்ததைப் பிறகு பாதியாக்கினால், முறிவுகளும் பாதியாகி 25, 250, 1061 என்று உட்காரும். நடு 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 100 ஹெர்ட்ஸில் 2 டெசிபலுக்கு மேல், 5 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல் குறைந்து போகும். குரல் மூக்கால் பேசுவதுபோல ஆகும். தட்டே அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள்.

அதனால் வரிசை இது:

1. ஃபில்டர் கர்வ் ஈக்யூவில் ஆர்ஐஏஏ பிரீசெட்டை எடுத்து 'இன்வெர்ட்' அழுத்துங்கள். இன்வெர்ட் செய்யும் முன் வளைவு இடது பக்கம் மேடாக, வலது பக்கம் சரிவாக இருக்க வேண்டும், அதுதான் வாசிப்பு வளைவு. இன்வெர்ட் ஆனதும் மேல்சுரம் ஏகத்துக்கு ஏறும், கீறல் சத்தமெல்லாம் ஈட்டி மாதிரி எழும். மைனஸ் 12 வைத்தது இதற்குத்தான்.
2. இந்த நிலையிலேயே சொடுக்கு நீக்குங்கள். கீறல்கள் கூர்மையாகத் தனித்து நிற்பதால் மென்பொருளுக்குப் பிரித்தறிய எளிது.
3. சேஞ்ச் ஸ்பீடில் பெருக்கு எண் 0.5. சேஞ்ச் டெம்போ இல்லை. அது சுருதியை அப்படியே விட்டுவிடும்.
4. இப்போது ஆர்ஐஏஏ வாசிப்பு வளைவை நேராகப் போடுங்கள்.
5. இடது வலதைக் கூட்டி மோனோ ஆக்குங்கள். இந்தத் தட்டுகளில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேல்கீழ் அசைவில் வருவது முழுக்க இரைச்சல், கூட்டும்போது அது அடிபட்டுப் போகும். ஒரு சுவர் மட்டும் தேய்ந்த தட்டு என்றால் கூட்டாமல் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
6. 35 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ், அதாவது அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி.

கடைசியில் ஒரு சின்னப் பரிசு உண்டு. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம் (உறுமல்) பாதியாகும்போது 25 ஹெர்ட்ஸுக்குப் போய், அந்த ஹை-பாஸில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆனால் அதன் இரட்டை, 100, இப்போது 50-இல் வந்து உட்காரும். ஹம் போகவில்லையே என்று வயரைப் பிடித்து இழுக்கிறவர்கள் 50-இல் ஒரு நாட்ச் (அந்த ஒரு அலையெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டுப் பாருங்கள்.

மற்ற வேகத்துக்கான பெருக்கு எண்கள், எல்லாம் 33⅓-இல் ஓட்டியதாக: 24-க்கு 0.72, 8⅓-க்கு 0.25. 16⅔-ஐ 45-இல் ஓட்டினால் 0.3704, ஆனால் அதற்கு அவசியமே இல்லை.

#11 ஒற்றைச்செவி

8⅓-ஐ 33-இல் ஓட்டினால் நாலு மடங்கு. முள் தாங்குமா?

#12 அலைவரிசை

முள் தாங்கும். கார்ட்ரிட்ஜும் கேபிளும்தான் தகராறு. பேச்சில் 5 கிலோஹெர்ட்ஸ் இருப்பது நாலு மடங்கில் 20 ஆகிவிடும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருள் 500 மில்லிஹென்றி, கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்து 300 பிக்கோஃபாரட் என்றால் இரண்டும் சேர்ந்து 13 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அதற்கு மேல் சரிந்துவிடும். பாதியின் பாதி ஆக்கியபின் 3.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு புடைப்பும் அதற்கு மேல் இருட்டும். 'ச', 'ஸ' எல்லாம் தெளிவில்லாமல் போவது இதனால்தான். குட்டைக் கேபிள், ப்ரீஆம்பில் சேர்த்த கெபாசிட்டரைக் கழற்றுவது, முடிந்தால் இண்டக்டன்ஸ் குறைந்த மூவிங் காயில்.

8⅓-இல் பெரும்பாலும் கிடைப்பவை பத்திரிகைகள், மெல்லிய பிளாஸ்டிக் தாள் தட்டுகள், கேட்டுவிட்டுத் தூக்கியெறியச் செய்தவை. அதை வெறும் டர்ன்டேபிளில் போட்டால் நெளியும். வேண்டாத எல்.பி. ஒன்றைக் கீழே போட்டு, தாளை அதன்மேல் வைத்து, லேபிள் பகுதியில் நாலு ஒரு ரூபாய் நாணயத்தைச் சமமாக வையுங்கள். வெளி விளிம்பு தூக்கினால் துளியளவு காகித டேப், காடிக்கு எட்டாத இடத்தில்.

#13 சுழல்மேடை

டர்ன்டேபிள் மேடையின் வேகத்தையே குறைப்பேன் என்பவர்களுக்கு. லென்கோ எல்75-இல் வேகம் தொடர்ச்சியாக மாறும், 16-இலிருந்து 80 வரை, 24-உம் அதற்குள் வந்துவிடுகிறது. தோரன்ஸ் டிடி 124-இலும், டூயல் 1009-இலும் 16 உண்டு. நல்ல கார்ட்ரிட்ஜ் மாட்டக்கூடிய பழைய மேடைகள் இவை.

ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டார் பெல்ட் மேடை என்றால் 25 ஹெர்ட்ஸ் ஊட்டினால் 33 என்பது 16⅔ ஆகும். ஆனால் அலையெண்ணைப் பாதியாக்கும்போது வோல்ட்டையும் பாதியாக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருள் சூடாகும். கட்டத்தைத் தள்ளும் கெபாசிட்டர் இரண்டு மடங்கு வேண்டும். அதை மாற்றாமல் விட்டால் மோட்டார் உறுமும், சில சமயம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். டி.சி. மோட்டாரில் உள்ள திருகு பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் நகராது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

#14 கமகம்

கொஞ்சம் விலகி ஒரு விஷயம். 16 லீவருக்கு எல்லா வீட்டிலும் பயன்படக்கூடிய ஒரு வேலை இருந்தது. 33 எல்.பி.யை 16-இல் போட்டால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சுருதி மாறாது. 2 கட்டை 2 கட்டையாகவே இருக்கும், கீழ் ஸ்தாயியில். தம்புராவைத் திருப்பாமல் சேர்ந்து வாசித்துக்கொண்டே வேகமான பிருகாவைப் பாதி வேகத்தில் அவிழ்த்துப் பார்க்கலாம். அமெரிக்க ஜாஸ்காரர்கள் சோலோக்களை இப்படித்தான் எழுதி எடுத்தார்கள். 78 தட்டை 33-இல் போட்டு இதைச் செய்ய முடியாது. விகிதம் 2.34, ஒரு ஸ்தாயிக்கு மேல் இரண்டே முக்கால் சுரஸ்தானம் இறங்கி, எந்தக் கட்டையிலும் நிற்காது.

#15 ரேடியோப்பட்டறை

16⅔-இல் 'வெட்டினார்கள்' என்று சில புது எல்.பி. அட்டைகளில் போட்டிருக்கிறதே, ஹாஃப்-ஸ்பீட் மாஸ்டரிங், அதுவும் இந்த ரகமா?

#16 தட்டுக்கணக்கு

இல்லை. அதில் வெட்டும் இயந்திரம் மட்டும் 16⅔-இல் ஓடும், டேப்பும் பாதி வேகத்தில். 20 கிலோஹெர்ட்ஸ் வெட்டுத்தலைக்கு 10 ஆகத் தெரிவதால் அது மூச்சுவாங்காமல் வெட்டும். நீங்கள் கேட்பது 33⅓-இல்தான்.

இணையத்தில் வாங்கும்போது இன்னொரு குழப்பமும் உண்டு. "16" என்று எழுதி விற்கும் தட்டுகளில் பாதி 16 அங்குல வானொலித் தட்டுகள். அவை 33⅓ வேகம், விட்டம்தான் 16. உங்கள் டர்ன்டேபிளில் கை எட்டாது, மூடியும் மூடாது. விட்டத்தைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

அதேபோல நீல நிற மெல்லிய தட்டு, அலுவலக டிக்டேஷனுக்கு வந்த கிரே ஆடோகிராஃப். உள்ளிருந்து வெளியே ஓடும். அதற்கு 'வேகம்' என்று ஒரே எண் கிடையாது. தட்டின் பரப்பையே ஒரு சக்கரம் உருட்டியதால் காடியின் ஓட்டம் நிலையாக இருக்கும், சுற்று வேகம் மாறிக்கொண்டே போகும். 33-இல் ஓட்டினால் வெளியே போகப்போகப் பேசுபவர் எலிக்குரலுக்கு ஏறுவார். ஆரம்ப ஆரத்தையும் முடிவு ஆரத்தையும் அளந்து, ஆரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். காடி வெட்டியது இல்லை, அழுத்தியது. ஆழம் குறைவு, முள் எளிதில் வழுக்கும்.

#17 புதுமுள்

ஒரு சந்தேகம். நண்பரிடம் 16 உள்ள மேடை இருக்கிறது. வேகம் பார்க்க 33-க்கான 180 கோட்டு ஸ்ட்ரோப் அட்டையை வைத்து 16-இல் ஓட்டினால் கோடு நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை. ஒரே சாம்பல் வளையமாகத் தெரிகிறது. வேகம் தப்பா?

#18 தட்டுக்கணக்கு

வேகம் சரியாகவே இருக்கலாம், அட்டைதான் பொருந்தாது. நம் 50 ஹெர்ட்ஸில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். 16⅔-இல் ஒரு மினுக்கலுக்கு மேடை சரியாக 1 பாகை நகரும். உங்கள் அட்டையில் கறுப்பு 1 பாகை, வெள்ளை 1 பாகை. ஒரு மினுக்கலில் கறுப்பு இருந்த இடத்துக்கு அடுத்ததில் வெள்ளை வந்துவிடும். இரண்டும் கலந்து சாம்பல்.

16⅔-க்கு 360 கோடு வேண்டும், 24-க்கு 250, 8⅓-க்கு 720. அமெரிக்க அட்டையை இறக்கிக்கொண்டால் 16⅔-க்கு 432 இருக்கும், அது 60 ஹெர்ட்ஸுக்கு. 100 மி.மீ. விட்டத்தில் 720 கோடு என்றால் கோட்டுக்கும் கோட்டுக்கும் 0.44 மி.மீ., லேசர் பிரிண்டர் தாங்கும். எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் மினுக்காது, நியான் இண்டிகேட்டர் விளக்கு பிடியுங்கள்.

அட்டை எதுவும் இல்லையா? மேடையின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, மூன்று நிமிடம் எண்ணுங்கள். 33⅓-க்கு 100 சுற்று, 24-க்கு 72, 16⅔-க்கு 50, 8⅓-க்கு 25. ஐம்பதாவது சுற்று 182 நொடியில் முடிந்தால் மேடை ஒரு சதவீதம் மெதுவு. எண்ணும்போது முள் தட்டில் இருக்கட்டும், முள்ளின் இழுவையோடு சேர்த்துத்தான் கணக்கு.

#19 புதுமுள்

50 சுற்று, 178 நொடி.

#20 ரேடியோப்பட்டறை

ஒரு சதவீதத்துக்கு மேல் வேகம். அந்தச் சின்னப் படியைத் துடையுங்கள்.